ஓராண்டின் நகர வளர்ச்சியை எடைபோடுவது எப்படி? 2024-ஐ வைத்து ஒரு விளக்கம்

ஆண்டு முடிந்ததும் நகரத் திட்டமிடலின் மைல்கற்களைத் தொகுக்க உட்கார்ந்தால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்த அளவுகோலால் எடைபோடுவது என்பதுதான் கேள்வி. பல நாடுகளில் நிறைய நடந்த 2024-ஐ எடுத்துக்கொண்டால் விடை சொல்ல வசதியாக இருக்கும்.

இப்படிப்பட்ட தொகுப்புகளில் பெரும்பாலானவை ரிப்பன் வெட்டிய தேதிகளின் பட்டியலாக முடிந்துவிடுகின்றன. திறப்பு விழா கண்ணில் படும், படமும் கிடைக்கும். ஆனால் நகரத் திட்டம் எதற்கும் ஒரே ஒரு தேதி கிடையாது. அறிவிப்பு, சட்டப்படியான ஒப்புதல், நிதி உறுதியாதல், வேலை தொடக்கம், திறப்பு, முழுப் பயன்பாடு என்று குறைந்தது ஆறு உண்டு. எந்தத் தேதியைச் சொல்கிறோம் என்று குறிப்பிடாமல் எழுதினால் ஒரே பாலம் ஆறு ஆண்டுகளில் ஆறு முறை மைல்கல்லாகிவிடும். ஆகவே முதல் வேலை, ஆறு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை. ஒவ்வொரு திட்டத்துக்கும் தெரிந்த தேதியை நிரப்புங்கள். மற்றதைக் காலியாக விடுங்கள். அறிவிப்புக்கும் நிதிக்கும் நடுவே ஐந்து ஆண்டுகளாகக் காலியாகக் கிடக்கும் கட்டமே பல சமயம் அந்த ஆண்டின் உண்மையான செய்தி.

மெட்ரோக்களிலிருந்து தொடங்கலாம். 2024-இன் கடைசி ஐந்து வாரங்களில் மட்டும் மூன்று நகரங்கள் தங்கள் முதல் மெட்ரோவைப் பெற்றன. கிரீஸின் தெசலோனிகியில் நவம்பர் 30 அன்று 9.6 கி.மீ., 13 நிலையங்கள். சவூதியின் ரியாத்தில் டிசம்பர் 1 முதல் படிப்படியாகத் திறந்த 176 கி.மீ. வலையமைப்பு. வியட்நாமின் ஹோ சி மின் நகரில் டிசம்பர் 22 அன்று 19.7 கி.மீ., 14 நிலையங்கள். நீளத்தை மட்டும் பார்த்தால் தெசலோனிகி கடைசி. ஆனால் அந்தப் பாதை முழுவதும் நிலத்தடியில் ஓடுகிறது. ஹோ சி மின் நகரின் 14 நிலையங்களில் 3 மட்டுமே நிலத்தடியில் உள்ளவை, மற்ற 11 தூண்களின் மேல். தூண் மேல் போகும் பாதையையும் சுரங்கத்தையும் ஒரே ‘கிலோமீட்டருக்கு இவ்வளவு செலவு’ கணக்கில் போடுவது இத்துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. சுரங்க நிலையம் என்பது பல மாடி ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி, தண்ணீரைத் தடுத்து, காற்றோட்டமும் அவசர வழியும் அமைக்கும் வேலை. மேல்நிலை நிலையத்துக்கு இவற்றில் பாதி தேவையில்லை. ஒப்பிடுவதென்றால் சுரங்கத்தைச் சுரங்கத்தோடும் தூணைத் தூணோடும் ஒப்பிடுங்கள், விலைவாசி ஏற்றத்தைக் கழித்துவிட்டு.

தெசலோனிகியில் வேலை தொடங்கியது 2006-இல். வேலை பதினெட்டு ஆண்டு இழுத்ததற்கு நாட்டின் கடன் நெருக்கடியும் ஒப்பந்தத் தகராறுகளும் காரணம். அவற்றோடு இன்னொன்றும் உண்டு: தோண்டிய இடமெல்லாம் பழைய நகரம் வந்தது. வெனிசெலு நிலையத்தில் பண்டைய நகரத்தின் முதன்மைத் தெருவே கிடைத்தது. அதைப் பிரித்தெடுத்து, நிலையத்தைக் கட்டி, மறுபடி அதே இடத்தில் பொருத்தினார்கள். மூன்று லட்சத்துக்கும் மேலான தொல்பொருள்கள் எடுக்கப்பட்டன. தாமதத்தை வெறும் எண்ணாகப் போடாமல் காரணத்தோடு எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பழைய நகரத்தின் அடியில் தோண்டும் எவரும் தொல்லியல் ஆய்வுக்குத் தனி ஆண்டுகளை ஒதுக்காமல் கால அட்டவணை போட்டால் அந்த அட்டவணை பிறக்கும்போதே பொய்.

தேதிகளில் நுணுக்கம் வேண்டும். ரியாத்தில் டிசம்பர் 1 அன்று 1, 4, 6 ஆகிய தடங்கள் மட்டுமே ஓடின. 2-உம் 5-உம் டிசம்பர் 15-இல் சேர்ந்தன. மூன்றாம் தடம் 2025 ஜனவரி 5-இல்தான் வந்தது. ஆக, 2024-இன் கணக்கில் ஆறு தடம் என்று எழுதினால் தவறு. கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோ 2024 மார்ச் 6-இல் தொடங்கிவைக்கப்பட்டு மார்ச் 15-இல் பயணிகளுக்குத் திறந்தது. இந்தியாவில் ஆற்றின் அடியில் ஓடும் முதல் ரயில் என்ற பெருமை உண்மை. அதே தடத்தில் எஸ்பிளனேடுக்கும் சியால்தாவுக்கும் நடுவே சுமார் 2.45 கி.மீ. விட்டுப்போயிருந்ததும் உண்மை. 2019 ஆகஸ்டு இறுதியில் போபஜார் பகுதியில் சுரங்க இயந்திரம் நிலத்தடி நீர் அடுக்கில் போய் முட்டி, மேலே இருந்த வீடுகள் இடிந்ததன் விளைவு அது. அந்த இடைவெளி 2025 ஆகஸ்டு 22-இல்தான் மூடியது. இரண்டு துண்டாக ஓடும் தடத்தின் பயன் முழுத் தடத்தின் பாதிகூட இராது. நடுவில் இறங்கி மாற வேண்டியவர் பழைய வழியிலேயே போய்விடுவார். இப்படிப்பட்டவற்றை ‘பகுதித் திறப்பு’ என்று தனிக் குறியிட்டு வைப்பது நல்லது.

திறந்ததை எழுதுபவர்கள் மூடியதை எழுதுவதில்லை. சிட்னியில் 2024 ஆகஸ்டு 19 அன்று சாட்ஸ்வுட்டிலிருந்து துறைமுகத்தின் அடியாகச் சிடனம் வரை மெட்ரோ நீண்டது. ஆகஸ்டு 4 என்றிருந்த தேதி, பாதுகாப்பு ஒப்புதல் வரத் தாமதமானதால் தள்ளிப்போனது. அதே ஆண்டு செப்டம்பர் 30-இல் சிடனம்–பேங்க்ஸ்டவுன் பழைய ரயில் பாதை, மெட்ரோவாக மாற்றுவதற்காக மூடப்பட்டது. அந்த வழிப் பயணிகள் மாற்றுப் பேருந்துகளுக்குப் போனார்கள். ஒரு நகரத்தின் ஆண்டுக் கணக்கில் இரண்டும் வர வேண்டும். இல்லையென்றால் அது வரவை மட்டும் எழுதிச் செலவை விட்ட கணக்கு.

வேலை முடிந்த விகிதம் என்று ஒரு எண் ஆண்டறிக்கைகளில் வரும்: 90 விழுக்காடு, 95 விழுக்காடு. இதை நம்பி அடுத்த ஆண்டுக்கு ஆரூடம் சொல்லக் கூடாது. அந்த எண் பெரும்பாலும் கான்கிரீட்டையும் தண்டவாளத்தையும் அளப்பது. லண்டனின் எலிசபெத் தடம் 2018 டிசம்பரில் திறக்க இருந்தது. நான்கு மாதம்கூட இல்லாதபோது, ஆகஸ்டு 31 அன்று, முடியாது என்று அறிவித்தார்கள். திறந்தது 2022 மே 24. சுரங்கங்கள் எப்போதோ தயார். தடத்தின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு சமிக்ஞை முறைகள். ஒரே ரயில் அவற்றுக்கிடையே தடுமாறாமல் மாற வேண்டும். அந்த மென்பொருளும் நிலையங்களின் உள்வேலைகளும் சோதனை ஓட்டங்களும்தான் ஆண்டுகளைத் தின்றன. ஆகவே ஒரு ரயில் திட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டியது எத்தனை விழுக்காடு முடிந்தது என்பதல்ல. சோதனை ஓட்டம் எந்தத் தேதியில் தொடங்கியது, முழு அட்டவணையில் ரயில்களை விட்டுப் பார்த்தார்களா, பாதுகாப்புச் சான்று கையில் இருக்கிறதா என்பதே.

முதல் மாதப் பயணிகள் எண்ணிக்கையையும் சாதனையாக எழுதிவிடாதீர்கள். ஹோ சி மின் நகரில் முதல் முப்பது நாள் பயணம் இலவசம். வேடிக்கை பார்க்க வருபவர், குழந்தைகளைக் கூட்டிவருபவர், பழக்கத்தால் தினமும் ஏறுபவர் எல்லாரும் ஒரே எண்ணில் கலந்திருப்பார்கள். திறந்து பன்னிரண்டு மாதம் கழித்து, விடுமுறை இல்லாத ஒரு மாதத்தின் வேலைநாள் சராசரிதான் பேசத் தகுந்த எண்.

இனி, நடக்காமல் போன மைல்கல். நியூயார்க்கில் மன்ஹாட்டனின் 60-ஆம் தெருவுக்குத் தெற்கே நுழையும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் 2024 ஜூன் 30 முதல் என்று முடிவாகியிருந்தது. நெரிசல் நேரத்தில் 15 டாலர். கேமராக்கள் பொருத்தியாகிவிட்டது. ஜூன் 5 அன்று மாநில ஆளுநர் கேத்தி ஹோச்சுல் அதை நிறுத்திவைத்தார். அந்த வருவாயை அடமானமாக வைத்துத் திரட்ட இருந்த 1,500 கோடி டாலரும் அந்தரத்தில் நின்றது. இரண்டாம் அவென்யூ சுரங்க ரயிலின் அடுத்த கட்ட வேலைகள் நிறுத்தப்பட்டன. நவம்பரில் கட்டணத்தை 9 டாலராகக் குறைத்துத் திட்டத்தை உயிர்ப்பித்தார்கள். நடைமுறைக்கு வந்தது 2025 ஜனவரி 5. இதை எந்த ஆண்டில் எழுதுவது? இரண்டிலும். 2024-இல் ‘நிறுத்தம்’, 2025-இல் ‘தொடக்கம்’. நிறுத்தத்தை விட்டுவிட்டால் ரயில் வேலைகள் ஏன் நின்றன என்பது வாசகருக்குப் புரியவே புரியாது. ஒரு திட்டத்தின் வருவாய் இன்னொரு திட்டத்தின் முதலாக இருப்பது நகர நிதியில் சர்வசாதாரணம்.

பாரிஸில் அதே ஆண்டு பிப்ரவரி 4-இல் கனமான கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மும்மடங்காக்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுத்தார்கள். ஆதரவு 54.55 விழுக்காடு. வாக்களித்தவர்கள் ஆறு விழுக்காட்டுக்கும் குறைவு. இரண்டு எண்களையும் சேர்த்தே எழுத வேண்டும். அக்டோபர் 1 முதல் மைய வட்டாரங்களில் மணிக்கு 18 யூரோ. உள்ளூர்வாசிகளுக்கும் டாக்சிகளுக்கும் விலக்கு. வாக்கெடுப்பில் ‘ஆம்’ என்பது ஒரு தேதி, நடைமுறை இன்னொரு தேதி, விலக்குகள் போக மிஞ்சியவர் எத்தனை பேர் என்பது மூன்றாவது விஷயம்.

காகிதத்தில் நடப்பவை படம் பிடிக்க முடியாதவை. ஆனால் நகரத்தை ஆழமாக மாற்றுபவை அவைதான். அமெரிக்காவின் மினியாபொலிஸ் 2018 டிசம்பரில் ஏற்ற ‘2040’ திட்டம், ஒரு மனையில் ஒரு வீடு மட்டும் என்ற கட்டுப்பாட்டை நீக்கியது. 2020-இல் நடைமுறைக்கு வந்தது. சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டவர்களால் இடையில் நீதிமன்றத்தில் முடங்கியது. 2024 மே மாதம் மாநிலச் சட்டமன்றம் நகரங்களின் முழுமைத் திட்டங்களுக்கு அந்த வழக்குகளிலிருந்து விலக்கு அளித்து முடிச்சை அவிழ்த்தது. படம் பிடிக்க எதுவும் இல்லாத அந்தச் சட்டத் திருத்தம்தான், அந்த ஊரைப் பொறுத்தவரை, ஆண்டின் பெரிய நிகழ்வு.

மண்டல விதி, அதாவது எந்த நிலத்தில் எதை எவ்வளவு கட்டலாம் என்ற விதி, மாறிய உடனே வீடு முளைக்காது. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-இல் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் அடர்த்தியை உயர்த்தியது. அப்போது ஆண்டுக்குச் சுமார் 10,000 ஆக இருந்த வீட்டு அனுமதிகள் 2022-இல் 21,000-ஐத் தாண்டின. வட்டி ஏறியதும் மறுபடி சரிந்தன. அனுமதி, வேலை தொடக்கம், நிறைவுச் சான்று, மின் இணைப்பு என்ற நான்கும் நான்கு எண்கள். ‘இவ்வளவு வீடுகள்’ என்று எவராவது சொன்னால் எது என்று கேளுங்கள். அனுமதி வாங்கிவிட்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் மனைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆள் குடிவந்ததற்கு நம்பகமான சாட்சி மின் இணைப்பும் தண்ணீர் இணைப்பும்தான்.

அடர்த்தியை உயர்த்தும் ஆணையைப் பாராட்டும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் மனை நிலத்தில் தளப் பரப்புக் குறியீடு (மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவு) 1.5 என்றால் 15,000 சதுர மீட்டர் கட்டலாம். ஆளுக்கு 25 சதுர மீட்டர் என்று வைத்தால் 600 பேர். குறியீட்டை 3 ஆக்கினால் 1,200 பேர். கூடுதல் 600 பேருக்கு நாளுக்கு 150 லிட்டர் வீதம் 90,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 72,000 லிட்டர், கழிவுநீராக வெளியேறும். சராசரியில் அது மணிக்கு 3 கன மீட்டர். காலை உச்சத்தில் மும்மடங்கு என்று எடுத்தால் 9. இது ஒரே ஒரு ஹெக்டேர். ஐம்பது ஹெக்டேர் கொண்ட பகுதிக்கு ஆணை வந்து, அதே ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் கழிவுநீர்க் குழாய்க்கும் உந்து நிலையத்துக்கும் ஒதுக்கீடு இல்லையென்றால், அது மைல்கல் அல்ல. ஆறேழு ஆண்டு கழித்துத் தெருவில் பொங்கப்போகும் கழிவுநீரின் முன்னறிவிப்பு.

அரசியல் அடையாளத் தேதிகளைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். இந்தோனேசியா 2024 ஆகஸ்டு 17-இல் சுதந்திர தின விழாவைப் புதிய தலைநகராகக் கட்டப்பட்டுவந்த நுசந்தாராவில் நடத்தியது. ஆண்டு முடிவிலும் தலைநகரை மாற்றும் ஆணை பிறக்கவில்லை.

2024-இன் மிகப் பெரிய பாடம் புதிதாகத் திறந்த எதிலும் இல்லை. ஸ்பெயினின் வலென்சியாவில் 1957 அக்டோபரில் துரியா ஆறு நகருக்குள் புகுந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு ஆற்றையே நகருக்குத் தெற்கே திருப்பினார்கள்: விநாடிக்கு 5,000 கன மீட்டர் தாங்கும் புதிய கால்வாய். பழைய ஆற்றுப்படுகை பிற்பாடு பூங்காவானது. 2024 அக்டோபர் 29-இன் பெருமழையில் அந்தக் கால்வாய் தன் வேலையைச் செய்தது. நகர மையம் தப்பித்தது. ஆனால் கால்வாய்க்கு அப்பால், போயோ ஓடையின் கரையில் வளர்ந்த பைபோர்த்தா போன்ற ஊர்களை வெள்ளம் அள்ளியது. மாகாணத்தில் 220-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கைபேசிகளுக்கு எச்சரிக்கை போனது இரவு 8 மணிக்கு மேல், தண்ணீர் ஏற்கெனவே தெருவில் இருந்தபோது. அரை நூற்றாண்டுக்கு முன் முடிந்த ஒரு வேலையின் வெற்றியும், அதன் எல்லைக்கு வெளியே வீடு கட்ட அனுமதித்ததன் தோல்வியும் ஒரே நாளில் தெரிந்தன. ஆண்டுத் தொகுப்பில் பழைய திட்டங்களுக்கு ஒரு பகுதி ஒதுக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஓடை ஏன் இப்படிப் பெருகுகிறது என்பதை எளிய சூத்திரம் காட்டும். வழிந்தோடும் நீர், விநாடிக்குக் கன மீட்டரில் = வழிவுக் கெழு (பெய்த மழையில் வழிந்தோடும் பங்கு) × மழைச்செறிவு (மணிக்கு மி.மீ.) × பரப்பு (ஹெக்டேர்) ÷ 360. பத்து ஹெக்டேர் புல்வெளியில் கெழு 0.3, மழை மணிக்கு 60 மி.மீ. என்றால் 0.5 கன மீட்டர். அதே நிலத்தில் கூரையும் தாரும் போட்டுக் கெழு 0.8 ஆனால் 1.33. வடிகால் அதே அகலம்தான். இந்தச் சூத்திரம் சிறிய வடிநிலங்களுக்கு மட்டுமே சரி. பெரிய ஆற்றுக்கு இதைப் போட்டால் தவறான விடைதான் வரும். ஆனால் ஒரு புதிய மனைப்பிரிவின் விளைவை அளக்க இது போதும்.

அளவீடுகளில் இன்னும் இரண்டு பொறிகள். ‘நிறுத்தத்திலிருந்து 500 மீட்டருக்குள் இத்தனை பேர்’ என்பது ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளிலும் வரும் அளவு. ரயிலுக்கு அது 1 கி.மீ. பலர் வரைபடத்தில் வட்டம் போட்டு எண்ணிவிடுகிறார்கள். 500 மீட்டர் ஆர வட்டத்தின் பரப்பு 78.5 ஹெக்டேர். குறுக்கும் நெடுக்குமாகச் சீரான தெருக்கள் இருந்தாலும் 500 மீட்டர் நடந்து எட்டக்கூடியது வைர வடிவில் 50 ஹெக்டேர்தான். நடுவே தண்டவாளமோ சுற்றுச்சுவரோ இருந்தால் இன்னும் சுருங்கும். தெரு வழியாக அளந்தார்களா என்று பார்க்காமல் அந்த எண்ணை எடுத்துப் போடாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வரும் பேருந்தும் மணிக்கு ஒன்று வரும் பேருந்தும் அந்தக் கணக்கில் சமம் என்பது இன்னொரு குறை.

அடுத்தது விபத்து எண்கள். இத்தாலியின் பொலோன்யா 2024 ஜனவரியில் நகரின் பெரும்பாலான தெருக்களில் வேக வரம்பை மணிக்கு 30 கி.மீ. ஆக்கியது. இதன் பலனை ஓராண்டு மரணங்களை வைத்துத் தீர்மானிப்பது அவசரம். எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது நான்கு ஆறானால் ‘50 விழுக்காடு உயர்வு’, இரண்டானால் ‘பாதியாகக் குறைந்தது’. இரண்டுமே தற்செயலாக இருக்கலாம். முன் மூன்று ஆண்டுச் சராசரியோடு பின் மூன்று ஆண்டுச் சராசரி, அதோடு பலத்த காயங்களின் எண்ணிக்கை என்று பார்த்தால்தான் போக்கு தெரியும். மரக்கன்றுகளும் அப்படியே. நட்ட எண்ணிக்கை விழாவுக்கு. மூன்றாம் கோடை தாண்டி நிற்கும் எண்ணிக்கை நகரத்துக்கு.

தகவலைத் திரட்டுவதில் மன்றத் தீர்மானங்கள், அரசிதழ், ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள், வரவுசெலவுத் திட்டத்தின் ‘உண்மைச் செலவு’ பத்தி ஆகியவை பத்திரிகைச் செய்தியைவிட நம்பகமானவை. ஒதுக்கீட்டுக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள வித்தியாசமே ஒரு திட்டம் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லிவிடும். வேலை நடப்பதைச் சரிபார்க்கச் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். 10 மீட்டர் நுணுக்கம், சில நாளுக்கொரு படம். நிலம் திருத்தியது, பெரிய கட்டடம் எழுந்தது, ஏரி சுருங்கியது எல்லாம் தெரியும். தனி வீடு தெளிவாகத் தெரியாது. இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது ஒரே மாதத்துப் படங்களை எடுங்கள். மழைக்குப் பிந்தைய பச்சையையும் கோடையின் வெறும் நிலத்தையும் ஒப்பிட்டு ‘பசுமை அழிந்தது’ என்று எழுதியவர்கள் நிறையப் பேர்.

டிசம்பர் இறுதியில் வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் மார்ச் வரை பொறுங்கள். ஆண்டுக் கடைசியில் அவசரமாகத் திறந்தவை ஓடுகின்றனவா என்பது அதற்குள் தெரிந்துவிடும். தொகுப்பின் முதல் பக்கத்தில் சென்ற ஆண்டுப் பட்டியலையே வையுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஓடுகிறது, பாதி ஓடுகிறது, நின்றுவிட்டது என்று மூன்றில் ஒரு குறி, தாமதமென்றால் ஒரு வரிக் காரணம்.